சென்னை போய் வந்த கண்ணோடு மதுரையைப் பார்ப்பது: எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

மாசிவீதி (கேள்வி)

சென்னையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பினால் ஊரே சுருங்கிவிட்ட மாதிரி தெரிகிறது. டவுன்ஹால் ரோடு சந்துபோல இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நெரிசல், நடக்க இடமில்லை, மெட்ரோ இல்லை. இன்னொரு பக்கம், ரயிலடியில் இறங்கி நடந்தே கோவிலுக்குப் போய்விடலாம் என்பதும் இப்போதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதில் எது ஊரின் உண்மையான குறை, எது சென்னையைப் பார்த்த கண்ணுக்கு மட்டும் தெரியும் குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் இறங்கி அளந்து பார்க்கவும் தயார். நகரமைப்பு, போக்குவரத்து வேலை தெரிந்தவர்கள் எதைப் பார்ப்பது, எப்படி அளப்பது என்று சொல்லுங்கள். "அவரவர் ஊர் அவரவருக்கு ஒசத்தி" வகைப் பதில் வேண்டாம், அது ஏற்கெனவே வீட்டில் கிடைத்துவிட்டது.

அளவுநாடா

முதலில் ஜோடியைச் சரியாகப் போடுங்கள். போய் வருகிறவர்கள் பெரும்பாலும் பாண்டி பஜாரைப் பார்த்துவிட்டு வந்து கீழமாசி வீதியைத் திட்டுகிறார்கள். பாண்டி பஜார் 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்த ஒரு காட்சித் தெரு. பனகல் பார்க்கிலிருந்து தணிகாசலம் சாலை வரைக்கும்தான் அந்த அழகு. கீழமாசி மொத்த வியாபாரத் தெரு, லாரியும் மூட்டையும் வந்துதான் தீரும். அதற்குச் சென்னையில் ஜோடி சௌகார்பேட்டை. மின்ட் தெருவில் ஒரு காலை நேரம் நடந்து பார்த்தால் கீழமாசி விசாலமாகவே தெரியும்.

நான் போடும் ஜோடிகள்: சித்திரை வீதிகளுக்கு மயிலாப்பூர் மாட வீதிகள். விளக்குத்தூண் ஜவுளிக்கடைச் சுற்றுக்கு ரங்கநாதன் தெரு. கே.கே. நகருக்குச் சென்னை அண்ணா நகர். மாட்டுத்தாவணி வெளியூர் பஸ் நிலையத்துக்குக் கிளாம்பாக்கம். ராஜாஜி மருத்துவமனைக்கு சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரி. நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கோட்டூர்புரம் நூலகம். நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையை ஞாயிறு காலையிலும் மதுரையைத் திங்கள் காலையிலும் பார்த்தால் ஒப்பீடு அங்கேயே செத்துவிடும்.

அடுத்து நடைபாதை. 5 மீட்டர் டேப், ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு போதும். தெருவில் 100 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளங்கள். சுவரிலிருந்து விளிம்பு வரை உள்ள அகலத்தை எழுதாதீர்கள். ஆள் நடக்க மிச்சமிருக்கும் அகலத்தைத்தான் எழுத வேண்டும். மின்வாரியப் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், கடைப்படி, நிறுத்திய பைக், பெயர்ப்பலகைக் கம்பி எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 103) தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர், விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்று சொல்கிறது. சக்கர நாற்காலி போக 90 செ.மீ.யாவது வேண்டும்.

சராசரி எடுக்காதீர்கள். மற்ற இடமெல்லாம் இரண்டரை மீட்டர் இருந்து, ஒரே ஒரு இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நின்று 60 செ.மீ. மிஞ்சினால் அது 60 செ.மீ. நடைபாதைதான். இதைவிட ஒரு நல்ல அளவு உண்டு: 100 மீட்டர் நடக்க எத்தனை தடவை ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது? அந்த ஒரு எண்ணை இரண்டு ஊரிலும் எடுங்கள். அண்ணா சாலையின் நல்ல பகுதி ஒன்றில் பூஜ்யம் வரும், அதே சென்னையின் உள் தெருவில் பத்து வரும். மதுரையில் மாசி வீதிகளில் பல இடத்தில் எண்ணவே முடியாது, ஏனென்றால் ஏறுவதற்கே நடைபாதை இல்லை. அது சென்னைக் கண் காட்டும் மாயை இல்லை, உண்மைக் குறை.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் நடைபாதை என்று தனியாகக் கட்டுவது குறைவு. மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. வடிகாலுக்கு வேண்டிய ஆழமும் சரிவும் முதலில் முடிவாகும், மூடியின் உயரம் அதன்படி 30, 40 செ.மீ. என்று எங்கேயோ போய் நிற்கும். அவ்வளவு உயரம் ஏற முடியாத கடைக்காரர் வாசலுக்குச் சரிவு போடுவார், வண்டி ஏறும், மூடி உடையும், ஓட்டையைப் பார்த்து மக்கள் ரோட்டில் நடப்பார்கள். இன்னொன்று, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவது. ஒவ்வொரு தடவையும் ரோடு சில சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே போகும். பழைய வீடுகளுக்குள் படி இறங்கிப் போக வேண்டிய தெருக்களைப் பாருங்கள், வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. இந்த வியாதி சென்னைக்கும் மதுரைக்கும் பொது.

டவுன்பஸ்

அண்ணே, நடைபாதையை அளந்தாச்சு, பஸ்ஸை விட்டுட்டீங்களே.

பஸ் விஷயத்துல "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பஸ்"னு எண்ணுனா ஏமாந்து போவீங்க. எவ்வளவு சீரா வருதுங்கிறதுதான் கணக்கு. ஒரு ஸ்டாப்புல காலையில 8-லேர்ந்து 9 வரைக்கும் உட்காருங்க. உங்க தடத்துல வர்ற ஒவ்வொரு பஸ்ஸோட நேரத்தையும் நொடியோட எழுதுங்க. ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல உள்ள இடைவெளியை நிமிஷத்துல கணக்குப் போடுங்க.

அரை மணி நேரத்துல மூணு பஸ், 10 நிமிஷத்துக்கு ஒண்ணா சீரா வந்தா, சராசரிக் காத்திருப்பு 5 நிமிஷம். அதே மூணு பஸ் 28 நிமிஷம் கழிச்சு ஒண்ணு, அது பின்னாடியே ஒரு நிமிஷத்துல ஒண்ணு, இன்னொரு நிமிஷத்துல இன்னொண்ணுன்னு வந்தா? ஒவ்வொரு இடைவெளியையும் அதாலேயே பெருக்கிக் கூட்டுங்க: 784 + 1 + 1 = 786. அதை மொத்த நேரத்தோட ரெண்டு மடங்கால (60) வகுங்க. 13 நிமிஷம் வருது. பஸ் எண்ணிக்கை ஒண்ணுதான், காத்திருப்பு ரெண்டரை மடங்கு. காரணம் சாதாரணமானது, நீளமான இடைவெளியிலதான் நிறையப் பேர் வந்து ஸ்டாப்புல சேருவாங்க.

இப்படிக் கூட்டமா வர்றதுக்கு டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. முதல் பஸ் கொஞ்சம் லேட்டானா அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேர்ந்திருக்கும், ஏத்த நேரமாகும், இன்னும் லேட்டாகும். பின்னாடி வர்றவருக்கு ஏத்த ஆளே இருக்காது, வேகமா வந்து முட்டிக்கிட்டு நிப்பாரு. சிம்மக்கல், கோரிப்பாளையம் தாண்டுற தடமெல்லாம் இதுல அதிகமா மாட்டும். போதாததுக்கு ஷேர் ஆட்டோ பஸ்ஸுக்கு முன்னாடியே ஓடி ஆளை அள்ளிக்கும். கிளம்புற இடத்துலயும் நடுவுல ஒரு இடத்துலயும் நிறுத்தி வச்சு நேரம் பார்த்து விடுறதுதான் மருந்து. அதுக்குப் புது பஸ் வாங்க வேண்டியதில்ல.

2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அதனால சாதாரண பஸ், மத்த பஸ்ஸுன்னு ரெண்டு பத்தியா எழுதுங்க. மொத்தத்துல 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தாலும், சாதாரண பஸ்ஸை நம்பி நிக்கிற அம்மாவுக்கு 30 நிமிஷமா இருக்கலாம். ஊரோட பஸ் அவங்களுக்கு அதுதான்.

சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எண்ணிக்கையில இல்ல. சென்னைக்கு நடுன்னு ஒரு இடம் கிடையாது. தி.நகர், பாரிமுனை, தாம்பரம், வேளச்சேரி, அண்ணா நகர், திருவான்மியூர்னு பல முனை. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நேரா பஸ் இருக்கும். நம்ம ஊர்ல முக்காவாசித் தடம் பெரியாரைத் தொடாமப் போகாது. திருப்பரங்குன்றத்துல ஏறி நம்ம மதுரை அண்ணா நகர் போகணும்னாலும் நடு ஊருக்குள்ள வந்து மாறிப் போற மாதிரிதான் அமையும். பெரியார்ல நீங்க பார்க்குற நெரிசல்ல பாதி, அங்கே வேலையே இல்லாத ஆளுங்க. இடிச்சுக் கட்டி அழகு பண்ணுனாலும் அது குறையாது. ஊரைச் சுத்திக் குறுக்குத் தடம் விட்டாத்தான் குறையும்.

ரிங்ரோடு

மெட்ரோ இல்லை என்று கேள்வியில் போகிற போக்கில் இருக்கிறது. திருமங்கலம்–ஒத்தக்கடை சுமார் 32 கி.மீ. திட்டத்தை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. சொன்ன காரணங்களில் ஒன்று, 2017 மெட்ரோ கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை. கணக்கெடுத்தது 2011-ல். அப்போது மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 10 லட்சம், சுற்றுப்புறம் சேர்த்து 14 லட்சத்துச் சொச்சம். சென்னைப் பெருநகரம் அப்போதே 86 லட்சம்.

அந்த முடிவு சரியா தப்பா என்பது தனித் திரிக்கு உரியது. இங்கே சொல்ல வந்தது: ஊரின் அளவைச் சொல்லும் எண் எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு என்று பார்க்காமல் எதையும் ஒப்பிட வேண்டாம். 2011-ல் மதுரை மாநகராட்சி சுமார் 52 சதுர கி.மீ.யிலிருந்து 148 ஆனது, 72 வார்டு 100 ஆனது. சென்னை 174-லிருந்து 426 ஆனது. பழைய புள்ளிவிவரத்தையும் புது எல்லையையும் கலந்து "அடர்த்தி குறைந்துவிட்டது" என்று கட்டுரை எழுதியவர்களே உண்டு.

வெளிவீதி

குறைகளை அளக்கச் சொல்லியாகிவிட்டது. சென்னைக்காரர் கண்ணில் மதுரையின் எந்தச் சொத்து படும் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? உள்ளூர்க்காரருக்கு அது தினமும் பார்ப்பதால் தெரியாமலே போகும்.

ரயிலடியிலிருந்து டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடங்கள். வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வரிசையாகக் குறுக்கிடும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். வெளி வீதி என்பது கோட்டைச் சுவர் நின்ற விளிம்பு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையை நடத்தியவர்களில் இருவரின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக நிற்பது. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். திருவிழா மாதத்தைத் திருமலை நாயக்கர் மாற்றினார், வீதிப் பெயர்கள் பழையபடியே நின்றுவிட்டன.

இது வரலாறு என்று ஒதுக்காதீர்கள், இன்றைக்கும் பயன் உண்டு. வீதிகள் கோவிலைச் சுற்றி வளையமாக இருப்பதால் எந்தக் குறுக்குத் தெருவில் நுழைந்தாலும் கொஞ்ச தூரத்தில் தெரிந்த ஒரு வீதியில் போய் முட்டுவீர்கள். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, திசை காட்ட அதுவே போதும். நகைக்குத் தெற்காவணி மூல வீதி, பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு என்று தொழில் தொழிலாகத் தெரு. ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதியை இந்தச் சதுரத்துக்குள் நடந்தே வாங்கலாம். சென்னையில் அதே பட்டியலை எழுதி, பாரிமுனைக்கும் தி.நகருக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஒரு சோதனை: ஒரே மாதிரி ஐந்து வேலை எழுதுங்கள். அரசு மருத்துவமனை புற நோயாளிச் சீட்டு, பள்ளிச் சீருடைத் துணி, பம்பு மோட்டார் உதிரி பாகம், நூலகம், வெளியூர் பஸ். வீட்டு வாசலிலிருந்து அந்தக் கவுண்டர் வரை நேரத்தை நடை, காத்திருப்பு, ஓட்டம் (வண்டிக்குள் இருக்கும் நேரம்), மாறுதல் என்று நான்காகப் பிரித்துக் குறியுங்கள். சென்னையில் ஓட்டம் வேகமாக இருக்கும், முக்கியமாக மெட்ரோவில். ஆனால் தூரமே அதைத் தின்றுவிடும். கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது, கட்டடம் பிரமாதம், சென்ட்ரலிலிருந்து சுமார் 30 கி.மீ. மாட்டுத்தாவணி பெரியாரிலிருந்து அதில் கால்வாசி தூரம்கூட வராது. மதுரையில் ஓட்டம் குறைவு, காத்திருப்புதான் அதிகம். மேலே டவுன்பஸ் சொன்ன கணக்கு அங்கேதான் பொருந்துகிறது.

தண்ணீரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதையொட்டிய காலத்தில்தான் பனையூர் கால்வாயைச் சரிசெய்து வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஊர் பெரிதாக ஆக, தண்ணீர் வரும் தூரமும் பெரிதாகிறது. இது ஷாப்பிங் மாலில் நின்று பார்த்தால் தெரியாது.

ரிங்ரோடு

தெப்பக்குளம் நிறைந்ததால் மதுரைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011-ல் சேர்த்த வார்டுகளில் கேட்டுப் பாருங்கள். பழைய 72 வார்டையும் புது வார்டையும் தனித்தனியாக அளக்காமல் "மதுரை" என்று ஒரே விடை எழுதுவதும் பாண்டி பஜாரைப் பார்த்துவிட்டுச் சென்னை என்று சொல்வதும் ஒரே தப்பு.

மாசிவீதி

இது உருப்படியாக இருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ரோட்டைக் கடப்பதை எப்படி அளப்பது? கோரிப்பாளையம் மாதிரி இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியாது. இன்னொன்று, அளந்த பிறகு இந்த நோட்டை யாரிடம் கொடுப்பது?

அளவுநாடா

டேப் வேண்டாம். தார் ரோட்டில் ஒரு தடம் (லேன்) பொதுவாக 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நான்கு தடம் என்றால் 14 மீட்டர். சாதாரண ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார், 12 வினாடி ஆகும். வயதானவருக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 17, 18 வினாடி. பச்சை மனிதன் எரியும் நேரத்தை ஃபோன் கடிகாரத்தில் பிடித்து இதோடு ஒப்பிடுங்கள். பச்சை மனிதனே இல்லாத சிக்னல் என்றால், எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பல இடத்தில் பூஜ்யமாக இருக்கும். அங்கே இடதுபக்கம் திரும்பும் வண்டி எந்தச் சிவப்புக்கும் நிற்காது என்பதால் நடக்கிறவருக்கு நேரமே கிடையாது.

நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால், அதில் நிற்க ஒன்றரை மீட்டராவது இடம் இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் இரண்டு தவணையாகக் கடக்கலாம், கணக்கே மாறிவிடும். சிக்னல் நேரத்தைச் சாலை போடும் துறை வைப்பதில்லை, நகரப் போக்குவரத்துக் காவல்தான் இயக்குகிறது. மனு அங்கே போக வேண்டும். இதை மாநகராட்சிக்குப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

வார்டுகவுண்டர்

நோட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்கு:

ஒரு மனுவில் ஒரு தெரு, ஒரு குறை. "மதுரையில் நடைபாதை இல்லை" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். "இன்ன வீதி, இன்ன கடை எதிரே, மின்வாரியப் பெட்டியால் நடக்கும் அகலம் 60 செ.மீ., ஐ.ஆர்.சி. வழிகாட்டி 1.8 மீட்டர்" என்று படத்தோடு எழுதினால் வார்டு உதவிப் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை, செலவை யார் கட்டுவது என்பதில்தான் வழக்கமாக நிற்கும். அதனால் நகலை அங்கேயும் போடுங்கள்.

புதிதாகப் போட்ட நடைபாதை உடைந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்: மதிப்பீட்டு வரைபடம், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரர் பழுது பார்த்துத் தர வேண்டிய காலம் முடியும் தேதி. வரைபடத்தில் 2 மீட்டரும் தெருவில் 1.2 மீட்டரும் இருந்தால் உங்கள் டேப்புக்கு மதிப்பு வந்துவிடும். பழுதுக்காலம் முடியாமல் இருந்தால் மாநகராட்சிக்குச் செலவில்லாமலே சரிசெய்ய வைக்கலாம். அது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மனு போடுங்கள், முடிந்த மறுநாள் போட்டால் "நிதி இல்லை" என்று வரும்.

2022-ல் விதிகள் வந்தபின், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை இருக்கிறது. அதில் பேசிப் பதிவேட்டில் ஏற்றுவது தனி மனுவைவிட வலு. தீர்மானம் எழுதும்போது பக்கத்தில் இருந்து எண்களைச் சரிபாருங்கள், மீட்டர் அடியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அகலம் குறைவு என்று எழுதினால் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது தள்ளுவண்டிக்காரரைத் துரத்துவது. பூக்காரம்மா போய்விடுவார், பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேயே நிற்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை அப்படித் தூக்க முடியாது, இதைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதமாவது வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆகையால் உங்கள் அளவுக் குறிப்பில் நகரக்கூடிய தடை, நகராத தடை என்று இரண்டு பத்தி போடுங்கள். எத்தனை செ.மீ. எதனால் போகிறது என்று பிரித்துக் கூட்டினால், பெரும்பாலான தெருக்களில் நிறுத்திய பைக்குதான் முதலிடத்தில் வரும்.